நிறத்திற்கு அகராதி உண்டா?
இளையோரின் இணையவழிக் காட்சித் தொடர்பில் வண்ணங்களின் பொருண்மை

1. முன்னுரை

தொல்காப்பிய உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் முதற்கண் வெகுளிப் பொருளுக்கு உரியனவாகச் சொல்லப்படுகின்றன. அவை நிறத்தையும் உணர்த்தும் என்பது அதனை அடுத்தே கூறப்படுகின்றது. நிறச்சொல் கண்ணுக்குப் புலனாகும் வண்ணத்தோடு உள்ளத்து உணர்வையும் சுட்டும் என்பதனைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலமாக அறிந்துள்ளது. இங்குக் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. வேறுபட்ட இரு நிறங்கள் ஓர் உணர்வுக்கே உரியனவாகின்றன. நிறத்திற்கும் பொருளுக்கும் இடையே ஒன்றுக்கு ஒன்று என்னும் நேர் உறவு இல்லை என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

இன்று கைப்பேசித் திரையில் இளையோர் நிகழ்த்தும் உரையாடலில் நிறம், சொல்லின் துணையின்றியே பொருள் தருகின்றது. இதய வடிவம் ஒன்றே. அதன் நிறம் மாறினால் செய்தி மாறுகின்றது. இம்மாற்றத்தை அறியாத பெரியோருக்காக, சிவப்பு காதல், மஞ்சள் நட்பு என்றவாறு பொருள் கூறும் பட்டியல்கள் நாளிதழ்களிலும் வலைத்தளங்களிலும் மிகுதியாக வெளிவருகின்றன. பெற்றோரும் ஆசிரியரும் காவல்துறையினரும் இவற்றை நாடுகின்றனர். வசனமொழிபெயர்ப்பில் ஈடுபடுவோரும் இவற்றைத் துணையாகக் கொள்கின்றனர்.

இப்பட்டியல்களின் அடிப்படைக் கருத்தைத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இணையத் தொடர்பில் ஒரு நிறத்தின் பொருள், கிடைக்கக்கூடிய நிறங்களின் தொகுப்பாலும், அதனைத் தாங்கும் செயலியாலும், வழங்கும் குழுவினாலும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதும், இம்மூன்றையும் கருதாத அகராதி பிழைபட்ட வாசிப்புக்கே இட்டுச்செல்லும் என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

2. ஒரு நாடகக் காட்சியும் ஒரு பட்டியலும்

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 'அடோலசன்ஸ்' என்னும் பிரித்தானியத் தொடர் வெளியாயிற்று. ஜாக் தார்ன், ஸ்டீஃபன் கிரஹாம் ஆகியோர் எழுத, ஃபிலிப் பாரன்டினி இயக்கிய இத்தொடர் நான்கு பகுதிகளைக் கொண்டது. உடன் பயின்ற மாணவியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கைது செய்யப்படுவதே கதை. இரண்டாம் பகுதியில், பள்ளிக்கு விசாரிக்க வரும் காவல் அதிகாரி, சிறுவனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அம்மாணவி இட்ட குறிகளை நட்பின் அடையாளம் எனப் படித்திருக்கிறார். அதே பள்ளியில் பயிலும் அவருடைய மகன், அவை ஏளனக் குறிகள் என்பதை விளக்குகிறான். அவ்விளக்கத்தினூடே சிவப்பு, ஊதா, மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் ஆகிய இதயங்களுக்கு வெவ்வேறு பொருள் கூறுகிறான்.

நாடகம் என்னும் அளவில் இக்காட்சி மிகச் சிறந்தது. ஒரே வீட்டில் வாழும் தந்தையும் மகனும் ஒரே திரையை வெவ்வேறு மொழியாகப் படிக்கின்றனர் என்பதனை அது சில நிமிடங்களில் உணர்த்திவிடுகின்றது. ஆனால் காட்சிக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. அச்சிறுவன் கூறிய பட்டியல் நாடகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பெற்று, இளையோர் யாவருக்கும் பொதுவான அகராதியாகப் பெற்றோர் வழிகாட்டிகளில் இடம்பெறலாயிற்று. அதிகாரி செய்த பிழை, ஒரு பொதுப்பட்டியலைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட பள்ளியின் வழக்கைப் படித்ததே. அப்பிழையைக் காட்டும் காட்சியே மற்றொரு பொதுப்பட்டியலுக்கு வித்தானது முரணாகும்.

அப்பட்டியலை உற்றுநோக்கின், அதிலுள்ள விளக்கங்கள் யாவும் ஒரே வகையின அல்ல என்பது புலனாகும். சிவப்பு இதயம் காதலைக் குறிப்பது நெடிய மரபின் வழிவந்தது. நன்னூலார் வழக்கில் சொல்வதாயின் காரணம் உடையது. மஞ்சளோ செம்மஞ்சளோ இன்ன பொருள் தரும் என்பதற்கு அத்தகைய காரணம் இல்லை. அவை ஒரு குழுவினர் தமக்குள் இட்டுக்கொண்ட இடுகுறிகள். அதே காட்சியில் பேசப்படும் 'சிவப்பு மாத்திரை' மூன்றாவது வகையினது. 1999இல் வெளியான 'தி மேட்ரிக்ஸ்' திரைப்படத்தில் நாயகன்முன் சிவப்பு, நீலம் என இரு மாத்திரைகள் நீட்டப்படுகின்றன. உண்மையை அறிவது சிவப்பு. அறியாமையில் தொடர்வது நீலம். இங்குச் சிவப்பின் பொருள் நீலத்தோடு அது கொண்ட எதிர்நிலையில் மட்டுமே உள்ளது. மொழிக்கூறு ஒன்றன் மதிப்பு அதன் அண்டைக் கூறுகளால் வரையறுக்கப்படும் என்னும் சசூரின் கருத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. காரணம், இடுகுறி, எதிர்நிலை ஆகிய மூன்றையும் ஒரே நிரலில் வைத்து ஒரே வகையான பொருள் எழுதுவதே பட்டியல்களின் முதற்குறையாகும்.

3. தொகுப்பு வகுக்கும் பொருள்

பேசுவோன் தான் விரும்பும் எந்த நிறச்சொல்லையும் ஆளலாம். திரையில் எழுதுவோனுக்கு அவ்வுரிமை இல்லை. ஒருங்குறிக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட குறிகளே அவனது விசைப்பலகையில் உள்ளன. ஆகவே இதய நிறங்களின் வரலாற்றை அறிதல் இன்றியமையாததாகின்றது.

இன்று சிவப்பாகத் தோன்றும் இதயம், அச்சு அணிகுறிகளின் தொகுதியிலிருந்து 1990களின் தொடக்கத்திலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. அதன் முறைப்பெயரை மொழிபெயர்த்தால் 'கனத்த கருப்பு இதயம்' என்றாகும். அச்சுத்தொழிலில் கருப்பு என்பது உள்நிரப்பிய வடிவத்தையும் வெள்ளை என்பது புறக்கோடு மட்டும் உள்ள வடிவத்தையும் குறித்தன. நிறச்சொல் இங்கு நிறத்தையே குறிக்கவில்லை. நீலம், பச்சை, மஞ்சள், ஊதா ஆகிய நான்கும் ஜப்பானியக் கைப்பேசித் தொகுப்புகளின் வழியே 2010இல் சேர்ந்தன. மெய்யாகவே கருநிறமுடைய இதயம் 2016இல் வந்தது, செம்மஞ்சள் 2017இல், வெள்ளையும் பழுப்பும் 2019இல், வெளிர்நீலம், சாம்பல், இளஞ்சிவப்பு ஆகியன 2022இல்.

இவ்வரிசையைப் பெர்லின், கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட அடிப்படை நிறச்சொல் ஆய்வோடு ஒப்பிடுதல் பயன்தரும். 98 மொழிகளைக் கருதிய அவர்கள், மொழிகளில் கருப்பும் வெள்ளையும் முதலிலும், அடுத்துச் சிவப்பும், பின்னர்ப் பச்சை, மஞ்சள், நீலம், பழுப்பு என்பனவும், இறுதியில் ஊதா, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், சாம்பல் என்பனவும் தோன்றுவதாகக் கூறினர். இதயக்குறிகளில் கருப்பும் வெள்ளையும் பிந்தியே வருகின்றன, ஊதா முந்திக்கொள்கின்றது. தோற்றவரிசை பொருந்தவில்லை. ஆயினும் இறுதியில் எட்டப்பெற்ற நிலை வியப்பிற்குரியது. அவர்கள் வகுத்த பதினோரு நிறங்களும் வெளிர்நீலமும் சேர்ந்து பன்னிரண்டு இதயங்கள் இன்று உள்ளன. நீலத்தையும் வெளிர்நீலத்தையும் இரு வேறு அடிப்படைச் சொற்களால் வழங்கும் உருசிய மொழியின் நிறத்தொகுதிக்கு இது ஒப்பாகின்றது. தமிழில் வெளிர்நீலம் நீலத்தின் ஒரு வகையே. தமிழ் இளைஞன் தன் மொழியில் இல்லாத ஒரு பாகுபாட்டைத் தன் விசைப்பலகையில் பெற்றிருக்கிறான் என்பது மொழியியலார் கருதத்தக்கது.

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறை முடிவு ஒன்று பெறப்படுகின்றது. மேற்கூறிய பட்டியலில் இளஞ்சிவப்பு இதயத்திற்குத் தனிப்பொருள் உண்டு. அணியின்றித் தனித்து நிற்கும் இளஞ்சிவப்பு இதயம் 2022க்கு முன் தொகுப்பில் இல்லை. மின்னுவது, இரட்டை, வளர்வது போன்ற வடிவங்களே அந்நிறத்தில் இருந்தன. எனவே 2020இல் எழுதப்பட்ட செய்தியை இன்றைய பட்டியலால் படிப்பது காலவழுவாகும். புதிய உறுப்பொன்று சேரும்போது பழைய உறுப்புகளின் மதிப்பும் மாறும். செம்மஞ்சள் இல்லாத காலத்து மஞ்சளும் அது வந்தபின் உள்ள மஞ்சளும் ஒன்றல்ல.

தொகுப்பு இயல்புநிலையையும் வகுக்கின்றது. முகக்குறிகளின் இயல்பு நிறம் மஞ்சள். தோல்நிற வேறுபாட்டைக் காட்டும் ஐந்து மாற்றிகள் 2015இல் சேர்க்கப்பட்டன. கதிரவன் ஒளிக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை ஆற்றும் என்பதற்காகத் தோல்மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்த ஆறு படிகளில் முதலிரண்டை ஒன்றாக்கி இவை அமைக்கப்பட்டன. மஞ்சள் எவரது தோலின் நிறமும் அன்று; ஆதலின் அது அடையாளமுறா வடிவமாக நிற்கின்றது. ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தவுடன் அது தன்னைப் பற்றிய ஒரு கூற்றாகிவிடுகின்றது. மாநிறம் என்னும் ஒரு சொல்லுக்குள் நெகிழ்வாக அடங்கிய பலரும் இங்குப் படி ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியுள்ளது. மஞ்சளிலேயே தங்கிவிடுவோரும் வாளா இருப்பதாகக் கொள்ள இயலாது; தேர்வு கிடைத்த பின்னர்த் தேர்ந்தெடாமையும் பொருள் பெறுகின்றது.

4. செயலி வகுக்கும் பொருள்

சில நிறங்களின் பொருளை நிறுவனமே விதித்துவிடுகின்றது. ஸ்னாப்சாட் செயலியில் இருவர் ஒருவருக்கொருவர் மிகுதியாகச் செய்தி அனுப்பின் மஞ்சள் இதயம் தோன்றும். அந்நிலை இரு வாரங்கள் நீடிப்பின் சிவப்பாகும். இரு திங்கள் நீடிப்பின் இளஞ்சிவப்பு இதயங்கள் இரண்டாகும். இங்கு நிறம் உணர்வின் வகையைச் சுட்டவில்லை. கால அளவைச் சுட்டுகின்றது. மஞ்சள் நட்பு என்னும் பரவலான விளக்கத்தை இவ்விதியோடு இணைத்தே நோக்குதல் வேண்டும். இன்ஸ்டாகிராமில் 2018 முதல் நெருங்கியோர்க்கு மட்டும் காட்டும் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றுகின்றது. பச்சை இங்கு அணுக்கத்தின் எல்லைக்கோடு. வேறு செயலிகளில் பெயரின் அருகே உள்ள பச்சைப் புள்ளி, ஒருவர் அப்பொழுது இணைப்பில் இருப்பதனைச் சுட்டும். 'பச்சை விளக்கு எரிகிறது' எனத் தமிழ் இளைஞர் கூறுவது இதனையே.

விதிக்கப்பட்ட பொருளின்மேல் பயனர் மற்றொரு பொருளை ஏற்றுகின்றனர். வாட்ஸ்அப்பில் 2014 நவம்பர் முதல், படிக்கப்பட்ட செய்தியின் சாம்பல்நிற இரட்டைச் சரிக்குறி நீலமாகின்றது. செயலி கூறும் பொருள் 'படிக்கப்பட்டது' என்பது மட்டுமே. நீலமாகியும் மறுமொழி வாராதபோது அது புறக்கணிப்பாக உணரப்படுகின்றது. 'நீலமாயிற்று, பேசவில்லை' என்னும் மனக்குறையில் நிறத்தின் பொருளைத் தருவது அடுத்து வரவேண்டியதன் இன்மையே. டுவிட்டர் தளத்தில் அதே நீலச் சரிக்குறி 2009 முதல் ஒருவர் இன்னார் என உறுதிசெய்தது. 2022 நவம்பரில் கட்டணம் செலுத்துவோர் யாவருக்கும் அது உரியதாயிற்று. வடிவும் நிறமும் மாறவில்லை. பெறுவோர் வட்டம் மாறியதும் நம்பகம் என்னும் பொருள் நலிந்தது.

அமெரிக்க இளையோரிடையே இது சமூகத் தகுதியையும் தொட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் செய்திச் செயலியில், அந்நிறுவனக் கருவிகளுக்கு இடையே செல்லும் செய்தி நீலக் குமிழிலும், பிற கருவிகளுக்குச் செல்வது பச்சைக் குமிழிலும் தோன்றும். பச்சைக் குமிழ் உடையோர் நண்பர் குழுவில் தாழ்வாக நோக்கப்படுவது, 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை தொடுத்த வணிகப் போட்டித் தடுப்பு வழக்கின் முறையீட்டிலேயே இடம்பெற்றது. வாட்ஸ்அப் பெருவழக்காக உள்ள இந்தியாவில் இவ்வெதிர்நிலை அத்துணை வலுப்பெறவில்லை. வளமும் உயிர்ப்பும் உணர்த்துவதாகப் பட்டியல்கள் கூறும் பச்சை, ஓரிடத்தில் அணுக்கத்தையும் மற்றோரிடத்தில் விலக்கத்தையும் உணர்த்துதல் காண்க.

5. குழு வகுக்கும் பொருள்

கிரெஸ், வான் லீவன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட கட்டுரையில் நிறத்தின் பொருளுக்கு இரு ஊற்றுகள் கூறுவர்: நிறம் எங்கிருந்து வந்தது என்னும் தொடர்புநினைவு ஒன்று, ஒளிர்வு, செறிவு போன்ற நிறக்கூறுகள் மற்றொன்று. இணைய வழக்கில் முதலாவதே மேலோங்குகின்றது. அத்தொடர்பு பண்பாட்டின் ஆழத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஒரே நாளிலும் பிறக்கலாம்.

2019 ஜூன் 3 அன்று சூடானின் தலைநகர் கார்ட்டூமில் மக்கள் மறியல் படைவலியால் கலைக்கப்பட்டது. அன்று கொல்லப்பட்டோருள் ஓர் இளைஞரின் இன்ஸ்டாகிராம் முகப்புப்படம் ஒரு குறிப்பிட்ட நீலமாக இருந்தது. நண்பர்கள் தம் முகப்புப்படங்களை அந்நீலத்திற்கு மாற்றினர். சில நாள்களில் உலகின் பல பகுதியினரும் அவ்வாறே செய்தனர். அமைதி, வானம், கடல் என நீலத்திற்கு அகராதி தரும் எப்பொருளும் இங்குப் பொருந்தாது. ஒருவர் விரும்பியிருந்த நிறம் என்பதே அதன் பொருள்.

இந்தியாவில் நீல இதயம் பெறும் பொருள்களும் இவ்வாறே வேறுபடுகின்றன. அம்பேத்கர் பிறந்தநாளாகிய ஏப்ரல் 14 அன்று இடப்படும் நீல இதயம், அவர் வழிநடத்திய இயக்கத்தின் கொடிநிறத்தை நினைவூட்டி அரசியல் சார்பை அறிவிக்கின்றது. இந்தியக் கிரிக்கெட் அணி ஆடும் நாளில் அதே இதயம் அணியின் சீருடையைக் குறிக்கின்றது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆர்வலர் இடும் மஞ்சள் இதயத்தைப் பட்டியலின்படி 'நட்பு' என எழுதுவது நகைப்பிற்கிடமாகும். அதே மஞ்சள் ஹாங்காங்கில் 2014 முதல் மக்களாட்சி இயக்கத்தாரின் நிறம். 2019 போராட்டத்தில் காவல்துறையை ஆதரித்தோர் நீலம் எனப்பட்டனர்.

இத்தகைய பன்மை சொல்வழக்கிலும் உண்டு. 'மஞ்சள் பூசினாள்', 'மஞ்சள் பத்திரிகை', 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்' என்னும் மூன்றும் முறையே மங்கலத்தையும் இழிதரத்தையும் கடன் தீர்க்க இயலாமையையும் உணர்த்துகின்றன. உடன்வரும் சொல் பொருளை வரையறுப்பதால் தமிழ் அறிந்தோர் எவரும் மயங்குவதில்லை. இதயக்குறிக்கு உடன்வரும் சொல் பெரும்பாலும் இல்லை. அவ்விடத்தைப் பேசுவோர் யார், நாள் எது என்பன நிரப்புகின்றன. இவற்றை அறியாத வாசகனுக்குக் குறி வெறுமையாகிவிடுகின்றது; அவ்வெறுமையைப் பட்டியல் தவறாக நிரப்புகின்றது.

6. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

இளையோர் வழக்கில் ஒருவரது தீக்குணத்தின் முன்னறிகுறியை 'ரெட் ஃப்ளாக்' என்பர். 2021 அக்டோபரில் சிவப்புக் கொடிக்குறிகளை நிரலாக இட்டு எழுதும் வழக்கம் இணையம் முழுதும் பரவிற்று. இதற்கு எதிராக நற்குணத்திற்கு 'கிரீன் ஃப்ளாக்' என்பது வழங்குகின்றது. பின்னர் வந்த 'பேஜ் ஃப்ளாக்' முதலில் சுவையற்ற தன்மையையும், 2023 அளவில் நன்றும் தீதுமல்லாத விந்தைப் பழக்கத்தையும் சுட்டலாயிற்று. எதிர்நிலை இரண்டாக இருந்தது மூன்றாக விரிந்தமை ஒரு தொகுதி வளரும் முறைக்கு நல்ல சான்று.

இவற்றைத் தமிழாக்குவோர் முன் இரு இடர்கள் உள்ளன. 'பச்சைக்கொடி காட்டினார்' என்பது தமிழில் நிலைபெற்ற மரபுத்தொடர். இருப்பூர்தி நிலையத்திலிருந்து வந்து இசைவு அளித்தலைக் குறிக்கின்றது. அதில் கொடி செயப்படுபொருள். காட்டுபவர் அதிகாரம் உடையவர். இளையோர் வழக்கிலோ ஆளே கொடி. 'அவன் ஒரு கிரீன் ஃப்ளாக்' என அது பெயர்ப்பயனிலையாக அமைகின்றது. பச்சைக்கொடி என எழுதின் படிப்போர் உள்ளம் இசைவையே நாடும். சிவப்புக்கொடியின் நிலை இதனினும் கடினம். செங்கொடி தமிழில் பொதுவுடைமை இயக்கத்தின் கொடி, அவ்வியக்கத்தார்க்குப் பெருமைக்குரியது. 'அபாய அறிகுறி' எனப் பெயர்த்தால் பொருள் நிற்கும், நிறத்தொடர் அறுபடும், பேஜ் கொடிக்கு இடமே இராது. மூன்றும் ஒரு பனுவலில் சேர்ந்து வரின் கடன்சொற்களையே ஆள்வதும், சிவப்பு மட்டும் தனித்து வரின் பொருளைப் பெயர்ப்பதும் ஏற்புடையன.

கொரிய இசைக்குழுவாகிய பிடிஎஸ் ஆர்வலரிடையே வழங்கும் 'பொராஹே' மற்றொரு வகைச் சிக்கல். குழுவின் உறுப்பினர் வி 2016 நவம்பரில் ஆக்கிய சொல் இது. காதல் என்னும் பெயரோடு துணைவினை சேர்ந்து 'காதலிக்கிறேன்' என்னும் பொருள்தரும் கொரியத் தொடரில், பெயரை நீக்கி ஊதாவைக் குறிக்கும் 'பொரா' வைக்கப்பட்டது. வானவில்லின் இறுதி நிறமாதலின் இறுதிவரை அன்பு என்பது அவர் தந்த விளக்கம். ஊதா இதயம் அவ்வார்வலரின் அடையாளமாயிற்று. தமிழில் 'காதல்' என்னும் பெயர் 'காதலி' என வினையாவது போல ஊதாவை வினையாக்க இயலவில்லை. 'ஊதுகிறேன்' எனின் வேறு வினையோடு மயங்கும். 'ஊதாவாக்குகிறேன்' எனின் சாயம் ஏற்றும் பொருள் தோன்றும். மேலும் ஊதா என்பது தமிழ்நாட்டில் பலர் வழக்கில் நீலத்தையும் தழுவும் சொல். இரு இதயங்களையும் பெயரிட்டு எழுத வேண்டிய இடத்தில் இம்மயக்கம் பெரிதாகின்றது.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்கள் குறியின் பெயரையே ஒலிக்கின்றன. அவர்களுக்கு நிறம் சொல்லாகவே சென்று சேர்கின்றது. எனவே குறிகளின் தமிழ்ப்பெயர்கள் ஒரு தொகுதியாகக் கருதி, ஒன்றோடொன்று மயங்காதவாறு அமைக்கப்பெறுதல் வேண்டும். ஒருங்குறியின் முறைப்பெயரை அவ்வாறே பெயர்த்தால் சிவப்பு இதயம் 'கருப்பு' என ஒலிக்கும் என்பதை நினைவிற் கொள்ளல் நலம்.

7. முடிவுரை

இவ்வாய்வின் தேவை கல்விப்புலத்தோடு அமையவில்லை. வாட்ஸ்அப் குழுவொன்றில் இடப்பட்ட முகக்குறிகளை முன்வைத்து எழுந்த வழக்கை 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீக்கியது. 2023இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாநில நீதிமன்றம் கட்டைவிரல் குறியை ஒப்பந்தத்திற்கான இசைவாக ஏற்றுக்கொண்டது. குறியைப் படிக்கும் முறை ஒருவரது பொறுப்பையும் விடுதலையையும் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டது. சிறுவர் தொடர்பான பள்ளி விசாரணைகளில் இது மேலும் கவனத்திற்குரியது. அங்குத் தம் வழக்கைத் தாமே விளக்கும் வாய்ப்பு அவர்களுக்கு எளிதிற் கிட்டுவதில்லை.

நிறத்திற்கு அகராதியே இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அதன் பதிவுமுறை மாறுதல் வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் குறி வழங்கிய ஆண்டு, செயலி, அவ்வேளையில் கிடைத்த மாற்றுநிறங்கள், வழங்கிய குழு, உடன்வந்த சொல் அல்லது குறி ஆகியன இடம்பெறுதல் இன்றியமையாதது. 'மஞ்சள் இதயம்: நட்பு' என்னும் பதிவினும் 'மஞ்சள் இதயம்: ஸ்னாப்சாட், சிவப்பிற்கு முந்திய படி' என்னும் பதிவு குறுகியது, ஆனால் மெய்யானது. இத்தகைய பதிவுகளைத் தமிழ் இளையோர் வழக்கிலிருந்து, அவர்களது விளக்கத்தோடும் இசைவோடும் திரட்டுதல் வேண்டும். வினவும் பெரியவரிடம் சிறுவன் தரும் விடை ஒரு தொடக்கச் சான்று மட்டுமே; அவன் பேசும் குழுவில் அந்நிறம் எதற்கு மாற்றாக இடப்பட்டது என்பதனைக் கேட்டறிந்த பின்னரே அதற்குப் பொருள் எழுதுதல் தகும்.